வெரக்ரூஸ்: ஊருக்கு முன்னால் பிறந்த நகரசபை

கேள்வி இதுதான்: மெக்சிகோவின் முதல் நகரசபை வெரக்ரூஸ் துறைமுகத்தில் தொடங்கியது என்கிறார்களே, அது எப்படி உருவானது? இடைப்பட்ட 500 ஆண்டுகளில் அதற்கு என்ன ஆனது? இன்று அதற்கு உண்மையில் என்ன அதிகாரம் இருக்கிறது?

முதல் பகுதிக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். ஆம், மெக்சிகோ மண்ணில் ஸ்பானிய முறையில் அமைந்த முதல் நகரசபை வெரக்ரூஸினுடையதுதான், ஆண்டு 1519. அமெரிக்கப் பெருநிலத்திலேயே முதல் என்று சிலர் சேர்த்துச் சொல்வார்கள், அது சரியில்லை. இன்றைய கொலம்பியாவின் பனாமா எல்லைப் பக்கம் இருந்த தாரியேனில் அதற்குப் பல வருடங்கள் முன்பே ஒரு நகரசபை இருந்தது. முதலா இரண்டாவதா என்ற கணக்கை விடுங்கள். இந்த நகரசபைக்கு உயிர் கொடுத்தவர்கள் எல்லோருமே, தங்களுக்கு ஒரு சட்டப்படியான கையெழுத்து தேவைப்பட்ட நேரத்தில்தான் கொடுத்தார்கள். கையெழுத்தை வாங்கிக்கொண்டபின் பணப்பெட்டி மட்டும் ஊர் கைக்கு வரவே இல்லை. வெரக்ரூஸில் நகரசபை மாளிகைக்கும் கடல்வழிச் சுங்க அலுவலகத்துக்கும் சில நிமிட நடைதான். இந்த இரண்டு கட்டடங்களுக்கும் நடுவில் நடந்த இழுபறியே இந்த ஊரின் ஆட்சி வரலாறு என்பது என் எண்ணம்.

1519 ஏப்ரல் 21, பெரிய வியாழன். ஸ்பானியப் படைத்தலைவர் ஹெர்னான் கோர்டெஸின் கப்பல்கள் சான் ஹுவான் தே உலுவா என்ற சிறு தீவின் மறைவில் நங்கூரம் போட்டன. மறுநாள் புனித வெள்ளியன்று எதிர்க்கரையின் மணல்மேட்டில் இறங்கினார்கள். வெரக்ரூஸ் என்றால் ‘மெய்யான சிலுவை’. அந்த நாளை ஒட்டி வந்த பெயர். வீரர்கள் சுமார் 500 பேர். மணல், வெயில், கொசு. கையில் இருந்த உணவும் கெட்டுப்போய்க்கொண்டிருந்தது.

ஆனால் கோர்டெஸின் பெரிய தலைவலி ஆணைப்பத்திரம். கியூபாவின் ஆளுநர் தியேகோ வெலாஸ்கஸ் அவரை அனுப்பியது கரையோரத்தைப் பார்த்துவிட்டு, பண்டமாற்று செய்துவிட்டுத் திரும்புவதற்காக. அங்கேயே குடியேற அனுமதி கிடையாது. மீறித் தங்கினால் கலகக்காரர். பிடிபட்டால் தலை போகும். கோர்டெஸ் வெறும் போர்வீரர் இல்லை. கியூபாவுக்குப் பக்கத்து எஸ்பஞோலா தீவில் பத்திரம் எழுதும் நோட்டரியாக இருந்தவர், கியூபாவில் சந்தியாகோ நகரின் அல்கால்தேயாகவும் இருந்தவர். அல்கால்தே என்பவர் நகரசபையில் நீதியும் நிர்வாகமும் சேர்ந்த பதவி வகிப்பவர். ஆகவே சட்டத்தின் ஓட்டை எங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும்.

ஸ்பெயினின் காஸ்டீல் நாட்டு மரபில், ஒரு நகரத்துக் குடிமக்களின் சபை அரசரிடம் நேரடியாகப் பேசலாம்; நடுவில் ஆளுநர் தேவையில்லை. அப்படியென்றால் ஒரு நகரம் இருந்தால் போதும். அந்தப் படையில் இருந்த பெர்னால் தியாஸ் பிற்காலத்தில் எழுதி வைத்ததன்படி, இரவில் கூடாரம் கூடாரமாகப் போய் ஆட்களைத் தயார் செய்தார்கள். பிறகு வீரர்கள் கூடி, இங்கேயே குடியேற வேண்டும் என்று கோர்டெஸை வற்புறுத்தினார்கள். அவர் முதலில் தயங்குவது போலக் காட்டி, அப்புறம் சம்மதித்தார். பழம் நழுவிப் பாலில் விழுந்த கதைதான்.

இப்படித்தான் ‘வெரக்ரூஸின் செழிப்பான ஊர்’ என்ற பெயரில் ஒரு நகரம் அறிவிக்கப்பட்டது. வீடு ஒன்றுகூட எழும்பவில்லை. சதுக்கம் என்று குறித்த இடத்தில் குற்றவாளிகளைக் கட்டிவைக்கும் தூண் ஒன்றை நட்டார்கள். ஊருக்கு வெளியே என்று குறித்த இடத்தில் தூக்குமரம். நீதி இருக்கும் இடம் நகரம் என்பதற்கு அவை அடையாளம். அல்கால்தேகளாக அலோன்சோ எர்னாந்தெஸ் போர்த்தோகரேரோவும் பிரான்சிஸ்கோ தே மொந்தேஹோவும் நியமிக்கப்பட்டார்கள். முதலாமவர் கோர்டெஸுக்கு நெருங்கிய நண்பர். இரண்டாமவர் ஆளுநர் வெலாஸ்கஸ் பக்கம் சாய்ந்தவர். அவரை இழுத்துக்கொள்ளத்தான் அந்தப் பதவி.

சரி, சபை வந்துவிட்டது. கோர்டெஸ் அதன் முன்னால் போய், ஆளுநர் கொடுத்த பதவியை ராஜினாமா செய்தார். சபை உள்ளே கூடிப் பேசி, அரசரின் பெயரால் அவரையே தலைமை நீதிபதியாகவும் படைத்தலைவராகவும் நியமித்தது. அவர் உருவாக்கிய சபை, அவருக்கே பதவி கொடுத்தது. அரசருக்குரிய ஐந்தில் ஒரு பங்கு போக, மீதியில் ஐந்தில் ஒரு பங்கு அவருக்கு என்றும் முடிவானது. பங்கு வாங்காத வீரர்கள் இதைப் பல வருடங்கள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்கள்.

1519 ஜூலை 10-ஆம் தேதியிட்டு சபையின் பெயரால் அரசி ஹுவானாவுக்கும் அவர் மகன் கார்லோஸுக்கும் ஒரு நீண்ட கடிதம் எழுதப்பட்டது. இரண்டு அல்கால்தேகளுமே தங்கத்தோடு அதைச் சுமந்துகொண்டு ஸ்பெயினுக்குக் கப்பலேறினார்கள். மன்னர் கோர்டெஸை முறைப்படி ஆளுநராக்கியது 1522 அக்டோபரில். அன்று மெக்சிகோவின் பெரும்பகுதியை ஆண்ட அஸ்தெக் அரசின் தலைநகர் விழுந்து ஓராண்டுக்கு மேல் ஆன பிறகு. அதுவரை அந்தப் படையெடுப்புக்குப் பிடிமானமாக இருந்தது மணலில் கூடிய ஒரு நகரசபையின் தீர்மானம் மட்டும்தான்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அந்தக் கரையில் ஆட்சி என்பது 1519-ல் ஆரம்பிக்கவில்லை. செம்போவாலா, கியாவிஸ்ட்லான் போன்ற தோதோநாக் மக்களின் ஊர்களுக்குச் சொந்தத் தலைவர்கள், சபைகள், வரிமுறைகள் இருந்தன. அஸ்தெக் வரிக்கு எதிராக அவர்கள் கோர்டெஸோடு கைகோத்ததால்தான் அந்த நகரத்துக்குக் கட்டடம் என்று ஒன்று வந்தது. கியாவிஸ்ட்லான் மலையடியில், இன்றைய துறைமுகத்துக்கு வடக்கே சுமார் 70 கிலோமீட்டரில், முதல் கோட்டையைக் கட்டினார்கள். அஸ்திவாரம் தோண்டி முதலில் மண் சுமந்தவர் கோர்டெஸே என்று பெர்னால் தியாஸ் எழுதுகிறார். கல்லும் சுண்ணாம்பும் தோதோநாக் மக்கள் சுமந்தார்கள். அவர்கள் பெயர் சபைக் கடிதத்தில் எந்தப் பதவியிலும் இல்லை.

அதன்பின் நகரசபை இடம் மாறிக்கொண்டே இருந்தது. 1525 வாக்கில் ஊர் தெற்கே ஓர் ஆற்றங்கரைக்கு வந்தது. இன்று லா அந்திகுவா, அதாவது ‘பழைய ஊர்’, என்று அழைக்கப்படும் இடம். அங்கே மரவேர்கள் சுவரைக் கவ்விப் பிடித்திருக்கும் ஒரு பழைய வீட்டை இப்போதும் பார்க்கலாம்; கோர்டெஸ் வீடு என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். கப்பல்கள் நின்றதோ உலுவா தீவில். சரக்கைச் சிறு படகுகளில் ஏற்றிக் கரையோரமாகவும் ஆற்றின் வழியாகவும் கொண்டுவர வேண்டும். இந்தத் தொல்லை தாங்காமல் 1599-ல் வைஸ்ராய் மோந்தெரேய் பிரபு ஊரைத் தீவுக்கு நேர் எதிரே மாற்ற ஆணையிட்டார். 1519-ல் இறங்கிய அதே மணல்கரைக்கே நகரசபை திரும்பி வந்தது. இன்றைய மாளிகை 1600-களின் முற்பகுதியில் எழுந்தது. இன்னும் அதே இடத்தில், அதே வேலைக்காக நிற்கிறது. அதன் எதிரே சதுக்கத்தில் மாலையில் தன்சோன் இசை ஒலிக்கும். வெள்ளைச் சட்டை போட்ட முதியவர்கள் ஜோடியாக ஆடுவார்கள்; பாட்டின் நடுவே ஆட்டத்தை நிறுத்தி, விசிறியபடி நின்று, மறுபடி தாளம் பிடிப்பார்கள்.

ஸ்பானிய காலத்தின் மீதியைச் சுருக்கிவிடுகிறேன். நகரசபை இடங்கள் ஏலத்துக்கு வந்தன. கருவூலம் காலியாக இருந்த அரசர்கள் உறுப்பினர் பதவியை விற்றார்கள். 1606-ல் வந்த அரசாணைக்குப் பிறகு, கட்டணம் கட்டினால் வாங்கிய பதவியை மகனுக்கோ மருமகனுக்கோ கைமாற்றவும் முடிந்தது. இரண்டு நூற்றாண்டுகளுக்கு நகரசபை என்பது சில குடும்பங்களின் சொத்து. பணக்கார வணிகர்களோ மஞ்சள் காய்ச்சலுக்குப் பயந்து மலைமேல் இருக்கும் ஹலாப்பாவில் சந்தை நடத்தினார்கள். 1683-ல் லோரென்சீயோ என்ற கடற்கொள்ளையன் ஊரைச் சூறையாடி, மக்களைத் தேவாலயத்துக்குள் அடைத்துவைத்தான். அந்த அதிர்ச்சியில்தான் மதிலும் கொத்தளங்களும் உறுதியாயின. அவற்றில் எஞ்சியது சந்தியாகோ கொத்தளம் மட்டுமே.

1812-ல் ஸ்பெயினின் காதிஸ் அரசியலமைப்பு வந்தது. பதவி விற்பனைக்கு முடிவு கட்டி, 1,000 பேர் உள்ள ஊருக்கெல்லாம் தேர்ந்தெடுக்கப்பட்ட சபை என்றது. பெரிய திருப்பம்தான். ஆனால் அதே சட்டம் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்குப் பொதுவாகக் குடியுரிமை இல்லை என்றும் சொன்னது. அடிமைக் கப்பல்கள் வந்து இறங்கிய துறைமுகம் வெரக்ரூஸ். மூட்டை தூக்கியவர்கள், படகு தள்ளியவர்கள், துணி துவைத்தவர்கள் பலர் அந்த வம்சாவளிதான். அவர்களுக்கு இந்த வாக்குச்சீட்டு எட்டவில்லை.

சுதந்திரம் 1821-ல் வந்தாலும், உலுவா கோட்டையில் இருந்த ஸ்பானியப் படை 1825 நவம்பரில்தான் சரணடைந்தது. கோட்டையின் பீரங்கிகள் நகரை அடித்துக்கொண்டிருந்த அந்த வருடங்களில் ஒரு நகரசபை என்ன நிர்வாகம் செய்திருக்க முடியும்? 1836-ல் மத்திய அதிகாரத்தை விரும்பியவர்கள் கை ஓங்கியபோது, நகரசபை வைத்துக்கொள்ளும் உரிமையே சுருங்கியது: மாகாணத் தலைநகரங்கள், 1808-லேயே சபை இருந்த ஊர்கள், 4,000 பேர் உள்ள துறைமுகங்கள், 8,000 பேர் உள்ள ஊர்கள். பழைய ஊர் என்பதால் வெரக்ரூஸ் தப்பியது. அக்கம்பக்கத்துச் சிற்றூர்கள் பல இழந்தன.

அந்த 19-ஆம் நூற்றாண்டில் வெளியிலிருந்து வந்தவர்கள் கண் வைத்தது நகரசபை மீது இல்லை, சுங்கத்தின் மீது. நாட்டின் வருமானத்தில் பெரும்பகுதி துறைமுகச் சுங்கம். அதில் பெரும்பங்கு வெரக்ரூஸ். 1838-ல் பிரெஞ்சுக் கடற்படை, 1847-ல் அமெரிக்கப் படை. உள்நாட்டுப் போரில் தாராளவாதிகளின் தலைவரான அதிபர் பெனித்தோ ஹுவாரெஸ் 1858 முதல் 1861 ஆரம்பம் வரை இங்கிருந்து அரசை நடத்தினார். அவரைத் தாங்கியது இந்தச் சுங்கம்தான். மதச் சொத்துகளை அரசுடைமையாக்கி, பிறப்பு இறப்புப் பதிவைத் தேவாலயத்திடமிருந்து அரசுக்கு மாற்றிய 1859-ன் சட்டங்கள் இந்த ஊரிலிருந்து வெளியானவை. 1861-ல் அவர் வெளிநாட்டுக் கடன் தவணையை நிறுத்தியதும் ஸ்பெயின், பிரிட்டன், பிரான்ஸ் மூன்றும் சேர்ந்து வந்து இறங்கியது இதே கரையில். இத்தனை பணம் ஊர் வழியாகப் போயும், நகரசபைக்கு மிஞ்சியது சந்தைக் கட்டணம், கசாப்புக்கூட வரி மாதிரியான சில்லறைகள்.

அதற்கடுத்து, சர்வாதிகாரி போர்ஃபிரியோ தியாஸின் நீண்ட ஆட்சிக்காலத்தில் இன்னொரு தடை வந்து உட்கார்ந்தது: ஹேஃபே பொலித்திகோ எனப்படும் மாவட்ட அதிகாரி. ஆளுநர் நியமிப்பவர். நகரசபைத் தேர்தலில் யார் ஜெயிக்க வேண்டும், யாரைப் படைக்குப் பிடித்து அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் அவர் கையில். மதில் இடிந்தது, புதிய துறைமுகம் 1902-ல் திறப்பு விழா கண்டது, ஊர் பளபளத்தது. ஆனால் 1910 புரட்சிக்கு முன்பே எதிர்க்கட்சியினரின் கோரிக்கைப் பட்டியலில் இந்த அதிகாரி பதவியை ஒழிக்க வேண்டும் என்பது இடம்பெற்றிருந்தது. மக்கள் அன்றாடம் மோதிய அரசு அவர்தான்.

இப்போது 1914. ஏப்ரல் 21 அன்று அமெரிக்கக் கடற்படை வீரர்கள் கரையிறங்கினார்கள். கொடுக்கப்பட்ட முதல் கட்டளை சுங்க அலுவலகத்தைப் பிடி என்பது. ஆயுதக் கப்பல் ஒன்றின் சரக்கு அங்கே இறங்கக் கூடாது என்பதற்காக. பிறகு ஊரை நடத்த மெக்சிகோ அதிகாரிகளையே வேலைக்குத் திரும்பச் சொன்னார்கள். அவர்கள் மறுத்தார்கள். அந்நியப் படைக்குப் பணி செய்வது மெக்சிகோ சட்டத்தில் குற்றம். சம்பளம் வாங்கி ஊரை நடத்த ஆள் கிடைக்காமல் கடைசியில் ராணுவமே நிர்வாகத்தை எடுத்தது. நகரசபை ஏன் தேவை என்பதை அது இயங்க மறுத்த அந்த ஏழு மாதங்கள் எந்தச் சொற்பொழிவையும்விட நன்றாகக் காட்டின என்று நான் நினைக்கிறேன்.

நவம்பர் 23 அன்று அமெரிக்கர்கள் கிளம்பினார்கள். உடனே புரட்சித் தலைவர்களில் ஒருவரான வெனுஸ்தியானோ கர்ரான்சா தன் அரசை இங்கே கொண்டுவந்தார். தலைநகரில் அவரோடு மோதிய மற்றப் புரட்சித் தலைவர்களான வில்லா, சப்பாத்தாவின் படைகள். கர்ரான்சாவுக்குக் கையில் இருந்தது ஒரு துறைமுகமும் அதன் சுங்கமும். 395 ஆண்டுகளுக்குப் பிறகு, அதே கரையில், அங்கீகாரம் தேடும் இன்னொரு படைத்தலைவர். அந்த டிசம்பர் கடைசி வாரத்தில் அவர் ‘சுதந்திர நகராட்சி’ச் சட்டத்தை வெளியிட்டார்: மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் சபை, அதற்கும் மாநில அரசுக்கும் நடுவில் எந்த அதிகாரியும் கூடாது. ஹேஃபே பொலித்திகோவின் கதை அத்தோடு முடிந்தது. ஆதரவு திரட்டும் தந்திரம் என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. கர்ரான்சா 1887-லேயே தன் சொந்த ஊரான குவாத்ரோ சியேனகாஸில் நகரத் தலைவராக இருந்தவர். மேலிருந்து வரும் கட்டளை ஒரு சின்ன ஊரை எப்படி நசுக்கும் என்பது அவருக்கு அனுபவம்.

இது 1917 அரசியலமைப்பில் 115-வது பிரிவாக நின்றது. அரசியலமைப்பை எழுதக் கெரேத்தரோ நகரில் கூடிய சபையின் விவாதத்தில், இதே வெரக்ரூஸ் மாநிலத்தைச் சேர்ந்த எரிபெர்தோ ஹாரா விடாமல் வாதாடினார்: பொருளாதாரச் சுதந்திரம் இல்லாத நகராட்சிக்கு அரசியல் சுதந்திரம் என்பது வெறும் பேச்சு, வரி வசூலிக்கும் அதிகாரத்தை அதனிடமே கொடுங்கள் என்று. கூட்டத்தொடரின் கடைசி நேரம், எல்லோருக்கும் களைப்பு. அவர் கேட்டது தோற்றது. நகராட்சி தன் நிதியைத் தானே நிர்வகிக்கும், ஆனால் என்னென்ன வரி என்பதை மாநிலச் சட்டமன்றம் தீர்மானிக்கும் என்று எழுதி முடித்தார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டுமே. அன்று ஹாரா ஜெயித்திருந்தால் மெக்சிகோவின் ஊர்கள் வேறு மாதிரி இருந்திருக்கும் என்று உறுதியாக நம்புகிறவன் நான்.

அந்த ஓட்டை எவ்வளவு பெரியது என்பது ஐந்தே வருடத்தில் தெரிந்தது. 1922-ல் வெரக்ரூஸ் நகரத் தலைவர் ரஃபேல் கார்சியா. தொழிலாளர் ஆதரவில் ஜெயித்தவர். ஊரில் ஏழைகள் வாழ்ந்தது ‘பத்தியோ’ எனப்படும் வீடுகளில்: நடுவில் ஒரு முற்றம், சுற்றிலும் சன்னல் இல்லாத ஒற்றை அறைகள், அத்தனை குடும்பங்களுக்கும் பொதுவான தண்ணீர்க் குழாயும் கழிப்பிடமும். வாடகை ஏறிக்கொண்டே போனது. பாலியல் தொழில் செய்த பெண்கள்தான் முதலில் துணிந்தார்கள். வாடகை கட்ட மாட்டோம் என்று அறிவித்து, அநியாய வாடகைக்கு எடுத்திருந்த மெத்தைகளைத் தெருவில் இழுத்துப்போட்டுக் கொளுத்த முயன்றார்கள். எரோன் புரோவால் என்ற தையல்காரர் தலைமையில் சங்கம் உருவானது. கதவுக்குக் கதவு ஒரு சீட்டு: ‘நான் வேலைநிறுத்தத்தில் இருக்கிறேன், வாடகை தர மாட்டேன்.’ மரியா லூயிசா மரீன் பெண்களைத் திரட்டி, காலி செய்ய வந்தவர்களைத் தெருவிலேயே மறித்தார்.

தொழிலாளர் தலைவர் நகரத் தலைவராக இருந்தும் என்ன செய்ய முடிந்தது? சமரசம் பேசினார். வாடகைக்கு உச்சவரம்பு விதிக்க அவருக்கு அதிகாரம் இல்லை. அது மாநிலத்தின் வேலை. படை மத்திய அரசினுடையது. ஜூலை 5-ம் தேதி இரவு ராணுவம் கூட்டத்தின் மீது சுட்டது. பலர் செத்தார்கள், புரோவால் சிறைக்குப் போனார். வாடகைச் சட்டம் 1923-ல் ஆளுநர் அதால்பெர்தோ தெஹேதாவின் காலத்தில், மாநிலத் தலைநகரிலிருந்துதான் வந்தது.

அதற்குப் பிறகு ஒரே கட்சியின் நீண்ட ஆட்சி. நகரத் தலைவர் யார் என்பது கட்சிக்குள் முடிவாகி, தேர்தல் அதை உறுதி செய்தது. அந்தக் காலத்திலும் ஒரு நல்லது நடந்தது: 1947-ல் 115-வது பிரிவைத் திருத்தி, நகராட்சித் தேர்தலில் பெண்களுக்கு வாக்குரிமை தந்தார்கள். நாடு முழுவதற்குமான வாக்கு 1953-ல்தான். 1983 திருத்தம் முக்கியமானது. குடிநீர், தெருவிளக்கு, குப்பை, சந்தை, இடுகாடு, கசாப்புக்கூடம், தெரு, பூங்கா, காவல் என்று நகராட்சியின் வேலைகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டு, சொத்து வரியையும் அதனிடம் கொடுத்தது. 66 வருடம் கழித்து ஹாராவுக்குக் கிடைத்த பாதி வெற்றி. 1990-களின் பிற்பகுதியில் துறைமுக நகரத்தில் எதிர்க்கட்சி ஜெயித்தது. அதன்பின் கட்சிகள் மாறி மாறி வருகின்றன.

இன்று? வெரக்ரூஸ் மாநிலத்தின் 212 நகராட்சிகளில் இது ஒன்று; 2020 கணக்கெடுப்பில் 6 லட்சத்துக்குச் சற்று மேல் மக்கள். தலைவர், நகரசபையின் சட்டப் பிரதிநிதியான சிந்திகோ, ரெஹிதோர் எனப்படும் உறுப்பினர்கள் என்று பதவிகளின் பெயர்கள் ஸ்பானிய காலத்து வாடையோடு அப்படியே இருக்கின்றன. பெரும்பாலான மாநிலங்களில் மூன்று வருடப் பதவி, இங்கே நான்கு. சொத்து வரியும் கட்டணங்களும் போதாமல், மத்திய அரசின் நிதிப் பங்கீட்டை நம்பித்தான் பட்ஜெட் நிற்கிறது. தெற்கே ஒட்டியிருக்கும் போக்கா தெல் ரியோ தனி நகராட்சி. கடற்கரைச் சாலையில் போகிறவருக்கு எங்கே ஒன்று முடிந்து மற்றது ஆரம்பிக்கிறது என்று தெரியாது, ஆனால் குப்பை வண்டிக்குத் தெரியும்.

துறைமுகம் மத்திய அரசுக்குச் சொந்தம்; இப்போது கடற்படை அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. கன்டெய்னர் லாரிகள் உடைக்கும் சாலைகளில் நகராட்சியின் தெருக்களும் உண்டு, சுங்கப் பணம் தலைநகருக்குப் போகிறது. கடற்கரையும் அப்படித்தான். அலை எட்டும் எல்லையிலிருந்து 20 மீட்டர் அகலத்துக்கு மணல் மத்திய அரசின் நிலம். அங்கே குடை விரித்து நாற்காலி போட்டு வாடகைக்கு விடுகிறவரிடம் கட்டணம் வாங்க வேண்டுமானால், நகராட்சி மேலே ஒப்பந்தம் போட்டுக்கொண்டு வசூலித்து, அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளலாம். கோர்டெஸ் இறங்கி சபை கூட்டிய மணலும் இதே கரைதான். காலையில் அதைக் கூட்டிச் சுத்தம் செய்பவர்கள் நகராட்சி ஊழியர்கள்.